யார் எதுவரை வரலாம்? – நாற்சார் வீடும் இடப்பயன்பாடும்

“வீட்டின் பகுதிகளை வகைப்படுத்துக” என்று வினா வந்தால் பொதுப் பகுதி, தனிப் பகுதி, வேலைப் பகுதி என மூன்றையும் எழுதிவிட்டு மாணவர்கள் அடுத்த வினாவுக்குப் போய்விடுகின்றனர். விடை சரிதான். ஆனால் அவை ஏன் அவ்வாறு பிரிக்கப்பட்டன என்று கேட்டால் பேனை நின்றுவிடுகின்றது. இங்கு அந்த ‘ஏன்’ என்பதையே நோக்கவுள்ளோம்.

இடம் என்பது நீள அகலம் மட்டுமன்று. பத்தடிக்குப் பத்தடி அறையில் ஒருவர் தனியே இருந்து படிப்பதும் ஆறு பேர் இருந்து படிப்பதும் ஒன்றாகாது. அறை மாறவில்லை, உணர்வு மாறிவிட்டது. கூரையின் உயரம், யன்னலின் திசை, கதிரைகள் போடப்பட்ட முறை, பக்கத்தில் இருப்பவர் யார் என்பன சேர்ந்தே ஓரிடத்தை விசாலமாகவோ நெருக்கமாகவோ உணரச் செய்கின்றன. உட்புற வடிவமைப்பு என்னும் துறை இதிலிருந்தே தொடங்குகின்றது. திரைச்சீலைக்கு நிறம் தெரிவது அதில் ஒரு சிறு பங்குதான்.

அமெரிக்க மானிடவியலாளர் எட்வேட் ஹோல், 1966இல் வெளியான தமது நூலில், மனிதர் தமக்கிடையே விடும் இடைவெளியை நான்காக வகுத்தார். ஏறத்தாழ 45 சென்ரிமீற்றர் வரை நெருக்க தூரம். தாயும் பிள்ளையும் இருப்பது அதனுள். அங்கிருந்து 1.2 மீற்றர் வரை தனிநபர் தூரம். நண்பர்கள் கதைப்பது இதில். 1.2 முதல் 3.6 மீற்றர் வரை சமூக தூரம். கந்தோரில் அலுவல் பேசுவது இதற்குரியது. அதற்கப்பால் பொதுத் தூரம். மேடையும் சபையும் போல. இவ்வளவுகளை மனதிற் பதித்துக்கொள்வது நல்லது. எனினும், இவை பெரும்பாலும் அமெரிக்க மத்தியதர வர்க்கத்தினரை அவதானித்துப் பெறப்பட்டவை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பண்பாட்டுக்குப் பண்பாடு இது வேறுபடும் என்று ஹோலே கூறியுள்ளார். காலை நேர மினிபஸ்ஸில் யாழ்ப்பாணத்துக்குப் போய் வரும் எவருக்கும் இதைத் தனியாக விளக்கத் தேவையில்லை.

கதிரை போடும் முறைக்கும் ஓர் உதாரணம் உண்டு. 1950களில் கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணத்து வைத்தியசாலை ஒன்றில், முதியோர் விடுதியின் கதிரைகள் சுவரோரம் வரிசையாகப் போடப்பட்டிருந்தன. அங்கிருந்தவர்கள் ஒருவரோடொருவர் பேசுவது அரிதாக இருந்தது. உளவியலாளர் றொபேட் சொமர், சிறிய மேசைகளைச் சுற்றிக் கதிரைகளைப் போடச் செய்தார். சில வாரங்களில் பேச்சு அதிகரித்தது. அங்கு உளமருத்துவராக இருந்த ஹம்பிரி ஒஸ்மன்ட், மனிதரைக் கூட்டும் அமைப்பு, விலக்கும் அமைப்பு என இடங்களை இருவகையாகப் பிரித்தார். ஆஸ்பத்திரியில் இலக்கம் எடுத்துவிட்டுக் காத்திருக்கும் வாங்கு வரிசை இரண்டாம் வகை. பருத்தித்துறைத் தெருமூடி மடம் முதலாம் வகைக்குச் சிறந்த உதாரணம். நடுவே தெரு செல்ல, இருபுறமும் திண்ணை. இருப்பவர்கள் எதிரெதிரே முகம் பார்த்தே இருக்கவேண்டும்.

இனி எமது வீட்டுக்கு வருவோம். ஹோல் அளவுநாடாவால் சொன்னதை யாழ்ப்பாணத்துப் பழைய நாற்சார் வீடு சுவராலும் படியாலும் சொல்லிவிட்டது. ஒழுங்கையிலிருந்து உள்ளே நடந்து பாருங்கள். முதலில் கிடுகு வேலி. பிறகு கூரையுடன் கூடிய சங்கடப் படலை. வழிப்போக்கர் வெயிலுக்கு ஒதுங்க அதிலே இருக்கை. அதைக் கடந்தால் முன் முற்றம், அடுத்து ஒரு படி உயர்ந்து திண்ணை. அதன் பின் விறாந்தை, வானம் தெரியும் உள்முற்றம், அதனைச் சுற்றி அறைகள், கடைசியில் அடுக்களையும் கிணற்றடியும். மழைநீர் நாற்புறக் கூரைகளிலிருந்து முற்றத்தில் விழுந்து வெளியே வடியும். சூடான காற்று முற்றத்தின் வழியே மேலெழும். மின்விசிறி இல்லாத காலத்து ஏற்பாடு இது.

ஒவ்வொரு படியும் ஒரு கேள்வி போன்றது: நீர் யார், எதுவரை வரலாம்? வியாபாரி படலையோடு நிற்பார். காணி அலுவலாக வந்தவர் திண்ணையில் இருப்பார். உறவினர் விறாந்தைக்கு வருவர். அடுக்களைக்குள் வருபவர் மிக நெருங்கியவர். இதில் சுவையான விடயம், பக்கத்து வீட்டு மாமியோ ஆச்சியோ இந்த வழியால் வருவதே இல்லை. வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து நேரே அடுக்களைக்கு வந்துவிடுவார். ஆண்களின் மரியாதை வழி முன்னாலும் பெண்களின் உறவு வழி பின்னாலும் இருந்தன. வேலி போய் மதில் வந்தபோது பொட்டும் போய்விட்டது. மதில் பாதுகாப்பானதுதான், ஆனால் அடுத்த வீட்டுக்குப் போகத் தெருவால் சுற்ற வேண்டியிருக்கிறது.

நாற்சார் வீட்டைப் புகழ்ந்து மட்டும் எழுதினால் விடை அரைவாசிதான். அதே படிகள் மனிதரைத் தள்ளியும் வைத்தன. ஒடுக்கப்பட்ட சாதியினர் எனப்பட்டோர் முற்றத்துக்கு மேல் ஏற முடியவில்லை; திண்ணையில் இருக்க முடியவில்லை. இது வீட்டோடு நிற்கவில்லை. பாடசாலையிலும் சில பிள்ளைகள் வாங்கிலும் சில பிள்ளைகள் நிலத்திலும் இருத்தப்பட்டனர். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் வழங்கவேண்டுமென அரசு பணித்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. பாடசாலைக் கட்டடங்கள் எரிக்கப்பட்டன. ஒரு வாங்கில் யார் இருப்பது என்பதற்காகப் பாடசாலையையே எரித்தார்கள். 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பின்பும் கோயிலுக்குள் செல்லவும் தேநீர்க் கடையில் சமமாக இருக்கவும் 1960களில் போராட வேண்டியிருந்தது. ஆகவே ‘பொதுப் பகுதி’ என்று எழுதும்போது, யாருக்குப் பொது என்று ஒரு வசனம் சேர்த்தால் உங்கள் விடை மற்றவர்களுடையதிலிருந்து தனித்துத் தெரியும்.

இந்த ஒழுங்கு ஒரே நாளில் குலைந்ததும் உண்டு. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது ஒரே வீட்டில் பல குடும்பங்கள் தங்கின. விறாந்தை படுக்கையறையாயிற்று, சேலையைக் கட்டி மறைத்தால் அது ஓர் அறை. பெற்றோரிடமோ அம்மம்மாவிடமோ கேட்டுப் பாருங்கள். சமையலைவிட உடுப்பு மாற்ற ஒரு மறைவு இல்லாததையே பலர் முதலிற் சொல்வார்கள். தனிமை என்பது ஆடம்பரமல்ல, தேவை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

யுத்தம் 2009இல் முடிந்தபின் கட்டப்பட்ட வீடுகளிலும் இதே கேள்வி எழுந்தது. 2012இல் பெருமளவில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டின் பரப்பு ஏறத்தாழ 550 சதுர அடி. பயனாளியே நின்று கட்டுவித்தமையால், வசதி வந்தபோது பலர் முன்னால் ஒரு பத்தி இறக்கினர். வருபவரை இருத்த விறாந்தை இல்லாவிட்டால் அது வீடாகத் தெரிவதில்லை. மாறாக, 65,000 உருக்குப் பொருத்து வீடுகளை வடக்கு கிழக்குக்குத் தர அரசு முன்வந்தபோது, 2016இல் பலத்த ஆட்சேபம் கிளம்பியது. எமது வெப்பத்துக்கு அவை ஒவ்வா. விறகடுப்புக்கு ஏற்ற குசினி இல்லை. பின்னர் பெருப்பிக்கவும் இயலாது என்று கூறப்பட்டது. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியலாளர்களும் குறைகளைச் சுட்டிக்காட்டினர். அத்திட்டம் அவ்வடிவில் நிறைவேறவில்லை. வீட்டை வரைந்தவர்கள் சுவரையும் கூரையையும் கணக்கிட்டார்கள். அடுப்படியில் நிற்பவரைக் கணக்கிட மறந்தார்கள் என்பது எனது அபிப்பிராயம்.

சிறிய வீட்டில் முதலில் இடம் இழப்பவர் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை. தொலைக்காட்சி உள்ள மண்டபத்தில் மேசை இருந்தால், அதைச் சுவர் பார்த்துப் போட்டு, முதுகுப்புறம் ஒரு அலுமாரியை மறைப்பாக வையுங்கள். வெளிச்சம், வலக்கையால் எழுதுபவருக்கு இடப்பக்கமிருந்து வரவேண்டும். காசு செலவில்லை.

பயிற்சி: உமது வீட்டின் தளப்படத்தைப் பருமட்டாக வரைக. தபாற்காரர், தந்தையின் நண்பர், உமது தோழி அல்லது தோழன், மாமி ஆகியோர் எதுவரை வருகின்றனர் என்பதைப் புள்ளிக்கோடுகளாற் காட்டுக. நால்வரில் எவரேனும் படலையோடு நிறுத்தப்படுவாராயின் அதற்கான காரணத்தை இரண்டு வசனங்களில் எழுதுக.