50 வயதுக்குப் பிறகு காயம்: மீண்டும் ஓடத் தொடங்குவது எப்படி?



ஃபஜ்ர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் இருந்து நேராக நடைப்பயிற்சிக்குச் செல்லும் பழக்கம் நம் ஊர்களில் பெருகி வருகிறது, அல்ஹம்துலில்லாஹ். ஐம்பது, அறுபது வயதைக் கடந்தவர்களில் சிலர் நடையோடு நிற்காமல் மெதுவாக ஓடவும் தொடங்குகிறார்கள். அவர்களில் பலருக்கு நேர்வது இதுதான்: சில வாரங்களில் கெண்டைக்காலில் ‘சுரீர்’ என்று ஒரு பிடிப்பு, அல்லது குதிகாலுக்கு மேலே தீராத வலி. இரண்டு மாதம் ஓய்வு எடுக்கிறார்கள். வலி போனதும் பழைய தூரத்தை அப்படியே ஓடிப் பார்க்கிறார்கள். ஒரே வாரத்தில் மீண்டும் நொண்டல். பிறகு, "இந்த வயசுல இதெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்ற முடிவு.

அதோடு ஓட்டம் மட்டும் நிற்பதில்லை. பயத்தில் நடையும் குறைகிறது. எடை கூடுகிறது, சர்க்கரை ஏறுகிறது, தொடைத் தசை மெலிகிறது, ஸஜ்தாவில் இருந்து எழுவதே சிரமமாகிறது. காயத்தை விட, காயத்துக்குப் பின் வரும் இந்த முடக்கம்தான் பெரிய இழப்பு. பெரும்பாலும் இதைத் தவிர்க்க முடியும்.

மூச்சு முந்தும், தசைநாண் பிந்தும்

ஓய்வுக்குப் பின் மீண்டும் பயிற்சி செய்யும்போது இதயமும் நுரையீரலும் விரைவாகப் பழகிவிடுகின்றன. சில வாரங்களிலேயே மூச்சு வாங்குவது குறையும். ஆனால் தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்ற தசைநாண்களின் கணக்கு வேறு. அவற்றுக்கு இரத்த ஓட்டம் குறைவு. எனவே அவை உறுதிபெற மாதக்கணக்கில் ஆகும். வயது கூடக்கூட அவற்றின் நெகிழ்வும் குறைகிறது. இளைஞர்களை விட வயதான ஓட்டக்காரர்களுக்குக் கெண்டைக்கால் தசையிலும் குதிகால் தசைநாணிலும் அதிகம் காயம் ஏற்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. 70 கிலோ எடையுள்ளவருக்கு அது 140 முதல் 210 கிலோ வரை. நடக்கும்போது இந்த விசை மிகவும் குறைவு. "நடக்கும்போது வலிக்கவில்லை" என்பதால் ஓடவும் கால் தயாராகிவிட்டது என்று ஆகாது.

ஆகவே, "எனக்கு இன்னும் தெம்பு இருக்கிறது" என்று மூச்சு சொல்வதைக் கேட்டு ஓடாதீர்கள். பின்தங்கி வரும் தசைநாணின் வேகத்தில் முன்னேறுங்கள். இந்தக் கட்டுரையின் சாரம் இவ்வளவுதான்.

மார்க்கத்தில் உள்ள முன்மாதிரி

வயதானவர் ஓடுவது கண்ணியக் குறைவு என்ற எண்ணம் நம்மில் சிலரிடம் உண்டு. நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் போட்டி வைத்த செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. முதல் முறை ஆயிஷா (ரலி) முந்தினார்கள். பின்னர் அவர்களுக்கு உடல் சற்றுப் பருத்திருந்தபோது நபி (ஸல்) அவர்கள் முந்தினார்கள். இது மதீனா காலத்து நிகழ்ச்சி. அப்போது நபியவர்கள் 50 வயதைக் கடந்திருந்தார்கள்.

உடல்நலம் குன்றியவர் தம்மால் முடிந்த நிலையில் இருந்து தொடங்கலாம் என்பதற்கும் வழிகாட்டல் உண்டு. மூல நோயால் அவதிப்பட்ட இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) தொழுகையைப் பற்றிக் கேட்டபோது, நின்று தொழுமாறும், இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறும் நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள் (புகாரி). தொழுகைக்கே இப்படி இயலுமைக்கு ஏற்ற படிகள் இருக்கும்போது, காயம்பட்ட காலை ஒரே நாளில் பழைய நிலைக்கு இழுப்பதில் என்ன நியாயம் இருக்கிறது?

தொடங்கும் முன் நான்கு சோதனைகள்

இதய நோய், இரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்களும், நீண்ட காலம் உடற்பயிற்சியே இல்லாதவர்களும் முதலில் மருத்துவரின் ஆலோசனையைப் பெற வேண்டும். எலும்பு முறிவோ அறுவைச் சிகிச்சையோ நடந்திருந்தால், சிகிச்சை அளித்த மருத்துவர் அனுமதித்த பிறகே ஓட்டம். அதன் பின் வீட்டிலேயே இவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்:

1. 30 நிமிடம் வேகமாக நடந்தால் வலியோ வீக்கமோ நொண்டலோ இருக்கக் கூடாது.
2. சுவரைத் தொட்டபடி, காயம்பட்ட காலில் மட்டும் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். நல்ல காலால் 15 முறை முடிந்தால், இந்தக் காலாலும் ஏறக்குறைய அத்தனை முறை முடிய வேண்டும்.
3. அருகில் பிடிமானம் இருக்க, ஒற்றைக் காலில் 10 விநாடி தடுமாறாமல் நிற்க முடிய வேண்டும்.
4. மாடிப்படியில் இறங்கும்போது வலி இருக்கக் கூடாது.

இவற்றில் ஒன்று தவறினாலும் ஓட்டத்தைத் தள்ளிவையுங்கள். நடையையும் குதிகால் பயிற்சியையும் தொடருங்கள்.

நடையும் ஓட்டமும் கலந்த திட்டம்

புதிதாக ஓடுவோருக்கு உலகெங்கும் பயன்படும் திட்டம் ‘கவுச் டு 5கே’. அமெரிக்கரான ஜோஷ் கிளார்க் 1996-ல் இதை உருவாக்கினார். பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையும் இதைப் பரிந்துரைக்கிறது. அந்தத் திட்டம் 9 வாரங்கள் கொண்டது, வாரத்தில் 3 நாள் பயிற்சி. முதல் வாரத்தில் 5 நிமிட வேக நடை, பிறகு 1 நிமிட ஓட்டமும் ஒன்றரை நிமிட நடையும் மாறி மாறி 20 நிமிடம். முடிவில் 30 நிமிடம் நிற்காமல் ஓடும் நிலை.

காயத்தில் இருந்து மீளும் வயதானவர்கள் இதையே இன்னும் மெதுவாகச் செய்யலாம்:

• முதல் 2 வாரம்: 30 நிமிட வேக நடை மட்டும், வாரத்தில் 4 அல்லது 5 நாள்.
• அடுத்த 2 வாரம்: 5 நிமிட நடைக்குப் பின், 30 விநாடி மெதுவோட்டம், 2 நிமிட நடை. இதை 6 முறை செய்து, 5 நிமிட நடையுடன் முடிக்கவும்.
• அதன் பின்: மேலே சொன்ன 9 வாரத் திட்டத்தின் ஒவ்வொரு வாரத்தையும் இரண்டு வாரமாக நீட்டிக்கொள்ளுங்கள்.

மொத்தம் ஐந்து மாதத்துக்கு மேல் ஆகும். ஆகட்டுமே. தசைநாண் உறுதிபெற அந்தக் கால அளவுதான் தேவைப்படுகிறது.

ஓடும் நாட்களுக்கு நடுவே ஒரு நாளாவது இடைவெளி கட்டாயம். ஓடும்போது பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகம் அதிகம் என்று பொருள். தூரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள். பயணம், காய்ச்சல் என்று ஒரு வாரம் விட்டுப்போனால் ஒரு படி கீழே இறங்கித் தொடருங்கள்.

ஃபஜ்ர் நேரச் சோதனை

கால் ஏற்றுக்கொண்டதா என்பது ஓடும்போது தெரியாது, மறுநாள் காலையில் தெரியும். ஃபஜ்ருக்கு எழுந்து ஒளூச் செய்யப் போகும் முதல் பத்து அடிகளைக் கவனியுங்கள். வழக்கத்தை விட அதிக விறைப்போ வலியோ இல்லையென்றால் நேற்றைய அளவு சரி. விறைப்பு கூடியிருந்தால் அது அதிகம். அன்று ஓடும் நாளாக இருந்தாலும் நடந்துவிட்டு வாருங்கள். அடுத்த முறை ஒரு படி குறையுங்கள்.

ஓடும்போது வரும் வலிக்கு 10-க்கு மதிப்பெண் போடுங்கள். 3 வரை இருந்து, மறுநாளைக்குள் அடங்கிவிட்டால் பொறுக்கலாம். அதைத் தாண்டினாலோ, கால் நொண்டத் தொடங்கினாலோ அப்போதே நிறுத்திவிட வேண்டும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது கூடவே கூடாது. அது காயத்தை ஆற்றாது, எச்சரிக்கையை மட்டும் மறைக்கும்.

தசை, செருப்பு, தரை

வயது கூடும்போது தசை தானாகவே குறைகிறது. உலக சுகாதார அமைப்பின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டல், பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்புடன், 2 நாளாவது தசையை வலுவாக்கும் பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. 65 வயதைக் கடந்தவர்களுக்குச் சமநிலைப் பயிற்சியையும் சேர்க்கிறது. குதிகாலை உயர்த்தி இறக்குதல், நாற்காலியில் இருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருதல், இந்த இரண்டையும் 10 முதல் 15 முறை வீதம் மூன்று சுற்றுகள் செய்தாலே நல்ல தொடக்கம். அறையை விட்டு வெளியே போக முடியாத மழை நாளிலும் இதைச் செய்யலாம்.

ரப்பர் செருப்புடன் ஓட வேண்டாம், ஓடுவதற்கான ஷூ வாங்குங்கள். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்க்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கால் புதையும் மணல் மென்மையாகத் தெரிந்தாலும், குதிகால் உள்ளே இறங்குவதால் கெண்டைக்காலுக்குக் கூடுதல் வேலை. முதல் சில மாதங்களுக்குச் சமமான மண் தரையோ பள்ளிக்கூட மைதானமோ நல்லது.

சர்க்கரை, மாத்திரை, நோன்பு

• இன்சுலின் அல்லது கிளிமிப்ரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு ஓடும்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம். சட்டைப்பையில் குளுக்கோஸோ பேரீச்சம்பழமோ இருக்கட்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வீடு திரும்பியதும் பாதத்தில் கொப்புளம், கீறல் உண்டா என்று பார்க்க வேண்டும்.
• சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் மருந்துகள் தசைநாணைப் பாதிக்கக்கூடும். 60 வயதைக் கடந்தவர்களுக்கும், கூடவே ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். இவற்றைச் சாப்பிடும்போதும் அதன் பின் சில வாரங்களும் ஓட வேண்டாம்.
• இரத்த அழுத்தத்துக்காக அடினோலால் போன்ற மருந்து எடுப்பவர்களுக்கு நாடித்துடிப்பு வழக்கமான அளவு உயராது. கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பாமல், பேச முடிகிறதா என்று பாருங்கள்.
• ரமளானில் முன்னேற நினைக்க வேண்டாம். தராவீஹுக்குப் பின் சிறிது நடை போதும். பெருநாளுக்குப் பிறகு ஒரு படி கீழே இருந்து தொடரலாம்.

உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டியவை

நெஞ்சுவலி, மயக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல்; யாரோ பின்னாலிருந்து உதைத்தது போல் கெண்டைக்காலில் திடீர் அடி உணர்வு; ஒரு காலில் மட்டும் வீக்கம், சூடு, சிவப்பு; எலும்பில் ஒரே இடத்தில் விரல் வைத்தால் வலி, இரவிலும் வலி. இவற்றில் எது வந்தாலும் எண்ணெய் தேய்த்துக் காத்திருக்க வேண்டாம்.

வீட்டில் உள்ளவர்களுக்கு

"வாப்பா, பேசாம உட்காருங்க" என்று பாசத்தில்தான் சொல்கிறோம். ஆனால் உட்கார வைப்பதும் ஒரு தீங்காகிவிடலாம். வாரத்தில் ஒரு நாள் அவர்களோடு சேர்ந்து நடங்கள். நல்ல பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். உம்மாமார்களை மறந்துவிடாதீர்கள். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு வேகமாக அடர்த்தி இழக்கிறது. நடையும் தசைப் பயிற்சியும் அவர்களுக்கும் மிக அவசியம். வசதியான இடமும் நேரமும் துணையும் கிடைத்தால் அவர்களும் தொடங்குவார்கள்.

இலக்கு ஒன்று வேண்டும் என்பவர்கள் உம்ராவை நினைத்துக்கொள்ளலாம். ஸஃபா, மர்வாவுக்கு இடையே ஏழு முறை நடந்தாலே மூன்று கிலோமீட்டரைத் தாண்டும். தவாஃப் அதற்கு முன்பே முடிந்திருக்கும். பச்சை விளக்குகளுக்கு இடையே ஆண்கள் விரைந்து ஓடுவது சுன்னத். இயலாதவர்கள் நடந்து செல்லலாம். ஆனாலும் அந்த இடம் வரும்போது கால் ஒத்துழைக்க வேண்டும் என்று யாருக்குத்தான் ஆசை இருக்காது?

குறைவாக இருந்தாலும் விடாமல் செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்று நமக்குக் கற்றுத் தரப்பட்டுள்ளது. நாளை காலை 30 விநாடி ஓட்டம் போதும். மறுநாள் ஃபஜ்ருக்குக் கால் வலிக்காமல் எழுந்தால், அதுவே அன்றைய வெற்றி.

அல்லாஹ் நம் பெற்றோருக்கும் நமக்கும் நிறைவான உடல்நலத்தையும், கடைசி வரை அவனுக்கு நின்று தொழும் வலிமையையும் தந்தருள்வானாக! ஆமீன்.