காற்றின் மேல் பத்து டன்

காக்ஸ் டவுனை ஒட்டியிருக்கும் பெங்களூரு கிழக்கு ரயில் நிலையத்தைச் சென்னை–மைசூரு வந்தே பாரத் நிற்காமல் கடக்கிறது. 2022 நவம்பரில் ஓடத் தொடங்கிய வண்டி இது. பெரம்பூர் ஐ.சி.எஃப். ஆலையில் உருவான அதன் பெட்டிகளைத் தாங்குவது ரப்பர் பைக்குள் அடைபட்ட காற்று. நகரின் தாழ்தளப் பேருந்துகளுக்கும் அதே ஏற்பாடுதான்.

இந்த ஏர் சஸ்பென்ஷன் சுகத்தை இங்கே பரவலாக்கியது, 2001-ல் ஓசகோட்டையிலிருந்து வந்த வால்வோ பி7ஆர். கர்நாடக அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் ஐராவத், பிறகு பி.எம்.டி.சி.யின் வஜ்ரா என்று பயணிகளுக்கு ருசி பிடித்துவிட்டது. இன்று தன் வேனுக்கோ காருக்கோ ஏர் சஸ்பென்ஷன் போட நினைப்பவர் ஜே.சி. ரோட்டுக் கடைகளில் முதலில் விலை கேட்பது பெல்லோஸ் என்னும் அந்த ரப்பர் பையை, அதாவது ஓட்டுநர்கள் வாயில் ‘பலூன்’. கடைசியில் கேட்க வேண்டியதை முதலில் கேட்கிறார்கள்.

முதலில் எடை. காற்றழுத்தத்தைப் பையின் பரப்பால் பெருக்கினால் அது தாங்கும் சுமை வந்துவிடும். நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு 2018-ல் உயர்த்தப்பட்ட வரம்பு 11.5 டன். அச்சு, சக்கரங்களின் சொந்த எடையைத் தோராயமாகக் கழித்துப் பத்து டன் என்று வைத்துக்கொண்டால், அந்த அச்சைத் தாங்கும் நான்கு பைகளில் ஒவ்வொன்றுக்கும் 2,500 கிலோ. பையின் பரப்பு 400 சதுர செ.மீ. என்றால் சதுர செ.மீ.க்கு 6.25 கிலோ அழுத்தம் வேண்டும். 500 என்றால் 5 கிலோ போதும். பேருந்தின் டாங்கியில் இருப்பதே எட்டு கிலோ சுமாருக்குத்தான். சிறிய பையை வாங்கி மிச்சம் பிடித்தவரின் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

பையிலும் இரண்டு சாதி. வளையம் வளையமாக மடிந்தது அச்சு கொஞ்சம் கோணினாலும் பொறுத்துக்கொள்ளும், ஆனால் ஏறி இறங்கும் தூரம் குறைவு. பிஸ்டன் மீது சுருண்டு இறங்குவது அதைவிட மென்மை; பெரும்பாலான பேருந்துகளில் இருப்பது இதுதான். அந்தச் சுருளுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே ஜல்லித்துகள் சிக்கினால் ரப்பரை அறுத்துவிடும். வருஷம் முழுக்கத் தெருவைத் தோண்டிப் போடும் ஊரில் இது சின்ன விஷயமல்ல.

உண்மையான மூளை லெவலிங் வால்வுதான். ஆள் ஏறி வண்டி அமுங்கினால் காற்றை உள்ளே விடும், இறங்கினால் வெளியேற்றும். பேருந்தில் வழக்கமாக முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு போட்டால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். போட்டால் நான்கும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி வண்டியின் உடலை முறுக்கும். நாற்காலி நான்கு காலில் ஆடும், முக்காலி ஆடாது. வால்வு ஒவ்வொரு குலுக்கலுக்கும் துள்ளாமல் சற்றே தாமதித்து வேலை செய்வதாகவும் இருக்க வேண்டும். இல்லையேல் ஒவ்வொரு வேகத்தடையிலும் காற்று வீண்.

சிக்கனம் பார்க்கக் கூடாத இன்னொரு இடம் ஏர் டிரையர். அழுத்தப்பட்ட காற்று தண்ணீரைக் கக்கும். பெங்களூரில் தண்ணீர் உறையாது என்பதால் பலர் இதை அலட்சியம் செய்கிறார்கள். டாங்கி துருப்பிடித்து, வால்வு சிக்கிய பிறகுதான் விழிப்பு. கனரக வாகனங்களில் இதே காற்றுதான் பிரேக்குக்கும் என்பதால், பை வெடித்தாலும் பிரேக் காற்றை விட்டுக்கொடுக்காத பாதுகாப்பு வால்வு கட்டாயம். இத்தகைய ஏர் பிரேக் சாமான்களுக்குப் பெயர் பெற்ற இடம் சென்னையின் அம்பத்தூர்: 1962-ல் சுந்தரம்–கிளேட்டனாகத் தொடங்கி, வாப்கோவாக மாறி, இன்று இசட்.எஃப். குழுமத்தில் இருக்கும் நிறுவனம் அங்கே வளர்ந்ததுதான்.

பலூன் போடுவதற்காகப் பழைய கமான் பட்டையைக் கழற்றியதும் கூடவே இரண்டு வேலைக்காரர்கள் போய்விடுகிறார்கள். பட்டைகள் ஒன்றோடொன்று உரசிக் குதிப்பை அடக்கின. அச்சை முன்பின் நகராமல் பிடித்தும் வைத்தன. காற்றுக்கு இரண்டும் தெரியாது. ஆகவே வலுவான ஷாக் அப்சார்பரும், அச்சைப் பிடிக்க ரேடியஸ் ராடுகளும் வேண்டும். ராடு புஷ் தேய்ந்த வண்டி நேர்சாலையிலும் அலையும். பழி மட்டும் பலூன் மேல் விழும்.

சிவாஜிநகர் குஜிரியில், அதாவது பழைய சாமான் சந்தையில், சொகுசுக் கார்களின் பழைய ஏர் ஸ்ட்ரட் மலிவாகக் கிடைத்தாலும், ரப்பருக்கு வயது உண்டு. காற்றை ஏற்றிச் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்காமல் வாங்குவது சூதாட்டம். தாழ்த்திய கார் நம் சந்துகளின் வேகத்தடைகளில் அடிபடும் என்பது வேறு. இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்லும் உயரம் 10 செ.மீ., தெருக்காரர்கள் தாங்களே கட்டுவதற்கு அளவேது!

சட்டமும் குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பேரம் பேசக் கடைக்குப் போகும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது செலவில்லாத வேலை.