ஊரில் வீடு, நகரில் வாடகை

பிழைப்பின் பொருட்டு மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய நம்மவரிற் பலருக்கு இருவகைச் சுமை உண்டு. ஒன்று, இங்குக் கொடுக்கும் வாடகை; மற்றொன்று, பெற்றோர் வாழ ஊரில் கட்டிய வீட்டின் கடன் தவணை. இவ்விரண்டும் வருமான வரிக் கணக்கில் நமக்குத் துணைபுரியக் கூடும். ஆயினும், நிதியாண்டு முடியும் மார்ச்சு மாதத்தில்தான் நாம் இதனைப் பற்றி எண்ணத் தொடங்குகிறோம்.

சட்டம் தரும் சலுகையை முறையாகப் பெறுவது வரித் திட்டம்; வருவாயை மறைப்பது வரி ஏய்ப்பு. இவ்வேறுபாட்டை முதலிலேயே மனத்திற் கொள்ளுதல் நன்று.

இன்று வரி செலுத்துவோர் முன் இரு முறைகள் உள்ளன. பழைய முறையில் விகிதம் மிகுதி, கழிவுகளும் மிகுதி. 2020ஆம் ஆண்டில் புகுத்தப்பட்ட புதிய முறையில் விகிதம் குறைவு, கழிவுகளும் குறைவு. நாம் பழையதை வேண்டிப் பெறாவிடில் புதியதே நமக்குப் பொருந்தும். 2025-26ஆம் நிதியாண்டில், புதிய முறைப்படி 12,75,000 ரூபாய் வரை சம்பளம் மட்டுமே பெறுவோருக்கு வரியே இல்லை. அத்தகையோர் வரிக்கு அஞ்சி வேண்டாத காப்புறுதிப் பத்திரங்களை வாங்க வேண்டுவதில்லை.

அதற்கு மேற்பட்ட சம்பளக்காரர் இரு முறையிலும் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். மும்பையில் ஆண்டுக்கு 18 லட்சம் பெறும் ஒருவரைக் கருதுவோம். அடிப்படைச் சம்பளம் 9 லட்சம். வாடகைப் படி 4,50,000. கொடுக்கும் வாடகை 4,80,000. புதிய முறையில், 4 விழுக்காட்டு மேல்தீர்வையுடன் வரி 1,50,800 ரூபாய். பழைய முறையில், வாடகையில் அடிப்படைச் சம்பளத்தின் பத்தில் ஒரு பங்கு நீங்கலாக 3,90,000 கழியும். சேமநிதி முதலிய சேமிப்புக்கு 1,50,000, நிலைக்கழிவு 50,000, ஊர் வீட்டுக் கடன் வட்டிக்கு 2 லட்சம் கழியும். எஞ்சுவது 10,10,000, வரி 1,20,120 ரூபாய். ஆகவே பழையதே இலாபம். ஊரில் வீட்டுக் கடன் இல்லையேல் வரி 1,82,520 ஆகிவிடும். அப்போது புதியதே இலாபம். ஒரே சம்பளம், குடும்ப நிலை வேறாயின் விடையும் வேறாகிறது.

இச்சலுகையைப் பெற, வீடும் கடனும் நம் பெயரில் இருத்தல் வேண்டும். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைக் கடந்தால் வீட்டுக்காரரின் நிரந்தரக் கணக்கு எண்ணும் தேவை. பொய் ரசீது தருவோர் வரியுடன் அபராதமும் செலுத்த நேரிடும். உரிய கெடுவுக்குள் கணக்குத் தாக்கல் செய்யாதவருக்குப் பழைய முறை கிட்டாது.

இனி, சிற்றுண்டிச் சாலையோ மளிகைக் கடையோ நடத்துவோரைப் பார்ப்போம். ஆண்டு வரவு 2 கோடிக்கு மிகாதவர் விரிவான பேரேடு இன்றி அனுமான வருமான முறையைக் கைக்கொள்ளலாம். ரொக்க வரவில் 8 விழுக்காடும், வங்கி வழி வரவில் 6 விழுக்காடும் இலாபமாகக் கொள்ளப்படும். ரொக்கம் 20 லட்சமும் வங்கி வழி 40 லட்சமும் வந்தால், கொள்ளப்படும் இலாபம் 4 லட்சம். உண்மை இலாபம் அதனினும் மிகுதியாயின் அதனையே காட்டுதல் முறை. இம்முறையில் சேர்ந்தவர் ஐந்து ஆண்டுக்குள் விலகினால், அடுத்த ஐந்து ஆண்டுக்கு அதனைப் பெற இயலாது. தொழில் வருமானமுடையோர் பழைய வரி முறையை ஒருமுறை தேர்ந்து பின்னர்ப் புதியதற்குத் திரும்பின், மறுபடி பழையதற்குப் போதல் அரிது. ஆதலின், அவசரத்தில் முடிவு செய்தல் ஆகாது.

கடைக்குத் தனி வங்கிக் கணக்கும் வீட்டுக்குத் தனிக் கணக்கும் வைத்துக்கொள்வோமாக. கல்லாப் பணத்தில் வீட்டுச் செலவு கலப்பின் உண்மை இலாபம் நமக்கே தெரியாமற் போகும். விகிதங்கள் ஆண்டுதோறும் மாறக்கூடியவை. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. எனவே ஒவ்வோர் ஏப்ரலிலும் ஒரு மாலைப்பொழுது அமர்ந்து, இரு முறையிலும் கணக்கிடுவோம். அன்று செய்யும் சிறு உழைப்பு, ஊரிலுள்ள பெற்றோருக்கும் இங்குள்ள மக்களுக்கும் பயன்படும் பொருளாக மிஞ்சும்.