குளிர்பெட்டிக்குள் என்ன ஓடுது?

நஞ்சில்லாத கீரையும் தயிரும் விற்கிற நம் கடையில், குளிர்பெட்டிக்குள் ஓடுற வாயுவையும் பார்க்கணும் என்பேன் நான். ஆர்-134ஏ ஒரு கிலோ கசிந்தால், நூறு ஆண்டுக் கணக்கில் சுமார் 1,400 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். ஆர்-290 எனும் புரொப்பேன் அதிகபட்சம் 3 கிலோ அளவுதான். சின்னப் பெட்டிக்கு 150 கிராமுக்குள்ளேயே போதும்.

ஆனால் இது தீப்பிடிக்கும். காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கும். அதனால் பெட்டியைக் காற்றோட்டமான இடத்தில் வையுங்க. வேறு வாயுவுக்குச் செய்த பழைய பெட்டியில் இதை நிரப்பாதீங்க. அதன் சுவிட்சில் பொறி பறந்தாலே ஆபத்து. சமையல் கேஸை ஏற்றவே கூடாது. அதில் பியூட்டேனும் கலந்திருக்கு. புதுசா வாங்கும்போது பின்பக்கத் தகட்டில் ஆர்-290 இருக்கான்னு பாருங்க. பழுதுக்கு, இந்த வாயுவில் பயிற்சி பெற்ற மெக்கானிக்கையே கூப்பிடுங்க.