சாயம் போனால்தான் ஒரிஜினல்

துணி எடுக்கும்போது “சாயம் போகுமா?” என்று கேட்காதவர்கள் குறைவு. 1960களின் அமெரிக்காவிலோ, கட்டாயம் சாயம் போகும் என்று உத்தரவாதம் கொடுத்தே ஒரு துணியை விற்றார்கள். அது மெட்ராஸ் கட்டம்.

1958 வாக்கில் நியூயார்க்கின் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் இந்தத் துணியில் சட்டை தைத்து விற்றது. குளிர்ந்த நீரில் கையால் அலச வேண்டிய துணி அது. வாங்கியவர்கள் வாஷிங் மெஷினில் போட, கலர் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிட்டது. புகார்கள் குவிந்தன. விளம்பரக்காரர்கள் அசரவில்லை, ஒவ்வொரு சலவைக்கும் சட்டை புது நிறம் காட்டும் என்று சொல்லி, குறையையே பெருமையாக்கிவிட்டார்கள். கெட்டிக்காரர்கள்தான்!

இதன் நெசவில் பெரிய மர்மம் இல்லை. நூலுக்கு முதலிலேயே சாயம் ஏற்றி, கலர் மாற்றிப் பாவு ஓட்டுவார்கள்; ஊடையும் அதே வரிசையில் போகும். சிவப்பைச் சிவப்பு வெட்டும் இடம் அழுத்தமாகவும், வெள்ளையை வெட்டும் இடம் வெளிறியும் விழும். அச்சடித்த துணி இல்லை என்பதால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும்.

சென்னையைச் சுற்றியும் ஆந்திராவின் சீராலாவிலும் இப்படி நெய்த ‘ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீப்’ கைக்குட்டைக்கானது அல்ல. பெரிய சதுரங்கள் தொடர்ச்சியாக வரும் இந்தத் துணி மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது. நைஜீரியாவில் நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் இதை ‘இன்ஜிரி’ என்கிறார்கள். அங்கே போனபின் இன்னொரு வேலை ஆரம்பிக்கிறது. பெண்கள் துணியை மடியில் போட்டுக்கொண்டு, வெளிர் நிற இழை ஒன்றை ஊசியால் மெல்லத் தூக்குவார்கள். பிளேடால் இரு முனையிலும் நறுக்கி உருவுவார்கள். பிறகு அடுத்த இழை. கோலத்துக்குப் புள்ளி மாதிரி, எங்கே வெட்டுவது என்பதற்குக் கட்டங்களே வழிகாட்டி. இழை போன இடமெல்லாம் சல்லடைக்கண்ணாகி, மிச்சமிருக்கும் அடர்நிறத்தில் புது டிசைன் எழும். இதன் பெயர் ‘பெலெடெ பிடெ’, அதாவது வெட்டிய துணி. நெசவாளி பார்த்தால் வயிறெரியலாம். ஆனால் கலபாரி வீட்டில் அது பரம்பரைச் சொத்து. சாவு வீட்டில் உடலைக் கிடத்தும் கட்டிலையும் இப்படிப்பட்ட துணிகளால் அலங்கரிப்பார்கள்.

கரீபியன் தீவுகளான மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் தமிழ்க் கூலித் தொழிலாளர்களின் கப்பல்கள் 1853, 1854இல்தான் போய்ச் சேர்ந்தன. துணி அதற்கு முன்பே போய்விட்டது. பெண்கள் அதைத் தலையில் கட்டி, முனைகளைக் கொம்பு போல நிமிர்த்தி வைப்பார்கள். எத்தனை முனை என்பதிலேயே ஒரு சேதி இருக்கும்; அந்தக் கணக்கு ஊருக்கு ஊர் மாறும். பொதுவாக ஒரு முனை என்றால் இன்னும் யாருக்கும் மனதைக் கொடுக்கவில்லை, நான்கு என்றால் யார் வேண்டுமானாலும் முயன்று பார்க்கலாம்!