வந்துவிட்டேன் என்றால் வந்தாயிற்றா?

தேனியிலிருந்து கம்பம் போகும் சாலையில் சின்னமனூர், உத்தமபாளையம் என்று ஊர்கள் வரிசையாக வரும். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் நெல்லும் திராட்சையும் விளைகிற பூமி. இங்கே பல தாய்மார்கள் விடியுமுன்பே ஜீப்பில் ஏறி, மலைமேல் ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் என்பது பள்ளிக்கூடத்தில் மட்டும் காதில் விழும் பாஷை.

அப்படி ஒரு வகுப்பைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நேற்று ஏன் வரவில்லை என்று வாத்தியார் இங்கிலீஷில் கேட்கிறார். தங்கைக்குக் காவலிருந்த பையன் எழுந்து நிற்கிறான்.

"ஸார், மை மதர் வில் கோ டு எஸ்டேட் டெய்லி. ஸோ ஐ டிட் நாட் கேம், ஸார்!"

வாத்தியார் சிரிக்கிறார். வகுப்பும் கொல்லென்று சிரிக்கிறது. பையன் உட்கார்ந்துவிடுகிறான். அப்புறம் வருஷம் பூராவும் அவன் வாயைத் திறப்பானா?

அவன் சொன்னது தப்புத்தான். ஆனால், அதில் ஒரு நியாயம் இருக்கிறது. "அம்மா தினமும் தோட்டத்துக்குப் போவாள்" என்பது நல்ல தமிழ். "சூரியன் கிழக்கே உதிக்கும்" என்றும் சொல்கிறோமல்லவா? எதிர்காலச் சொல்லாலேயே அன்றாட வழக்கத்தைச் சொல்வது நம் பாஷையின் பழக்கம். இங்கிலீஷ்காரர்கள் அதற்கு நிகழ்காலத்தை வைத்துக்கொண்டார்கள். பையன் தமிழை அப்படியே பெயர்த்து வைத்துவிட்டான், பாவம்!

'டிட் நாட் கேம்' மட்டும் என்ன? சாம்பாருக்கு உப்பு ஒரு தடவை போட்டால் போதும். 'டிட்' என்ற சொல்லிலேயே இறந்தகாலம் என்னும் உப்பு விழுந்துவிட்டது. பிறகு 'கேம்' என்று மறுபடியும் போட்டால் கரிக்காதா? 'கம்' என்று சப்பென்று விட்டால்தான் ருசி.

காலத்தைக் கலைத்துப் போடுவதில் நாமும் லேசுப்பட்டவர்களல்ல. வாசலில் யாரோ கூப்பிட்டால், அடுப்படியில் நின்றபடியே "இதோ, வந்துட்டேன்!" என்கிறோம். வந்தாயிற்றா? இன்னும் கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை! அவசரத்தில் இப்படிப் பேசுவது குற்றமாகாது என்று தொல்காப்பியமே அனுமதி கொடுத்திருக்கிறது. சாப்பிட்டு முடிக்காதவன், அவசரப்படுத்தும் நண்பனிடம் சாப்பிட்டாயிற்று, கிளம்பியாயிற்று என்று சொல்வதை உரைகாரர்கள் உதாரணம் காட்டுகிறார்கள். இதற்குக் கால வழுவமைதி என்று பெயர். நன்னூலும் இதை ஒப்புக்கொள்கிறது. ஆனால், வகுப்பு வாசலில் நின்று "ஐ கேம், ஸார்!" என்கிற சிறுமிக்கு மட்டும் ஏன் அந்தச் சலுகை இல்லை?

இங்கிலாந்திலே பிறந்து, தாய்ப்பாலோடு இங்கிலீஷைக் குடிக்கும் குழந்தைகளும் 'வெண்ட்' என்பதற்குப் பதிலாக 'கோ-எட்' என்று சொல்லித்தான் வளர்கின்றன. அங்கே தாய்மார்கள் சரியான சொல்லைத் திருப்பிச் சொல்லிவிட்டு, குழந்தையின் கதையை மேலே கேட்கிறார்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளையையும் சாயங்காலம் பக்கத்தில் உட்காரவைத்து இரண்டே கேள்வி கேளுங்கள்: நேற்று என்ன செய்தாய்? தினமும் என்ன செய்வாய்? அதற்கு இங்கிலீஷில் பதில் சொல்லட்டும். காலம் தடுமாறினால் தமிழில் எப்படி, இங்கிலீஷில் எப்படி என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். உங்களுக்கே சந்தேகமா? இருவருமாகப் புத்தகத்தைப் புரட்டுங்கள்.

சிரிப்பு வந்தால் சேர்ந்து சிரியுங்கள், அவன் மட்டும் தனியாக நிற்க வேண்டாம். பேசுகிற பிள்ளையின் இலக்கணத்தை நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம். பேச்சை நிறுத்திவிட்ட பிள்ளையிடம் திருத்த என்ன இருக்கிறது?