நாயின் தொண்டை அடைப்பும் விசர்நோயும்

வயலையும் மரக்கறித் தோட்டத்தையும் காக்க நாய் வளர்க்கும் கமக்காரர் பலர். பன்றி இறங்கும் இரவில் முதலிற் குரல் கொடுப்பது அந்நாயே. அது தீனியை வெறுத்து, வாயில் வீணீர் வடிய நின்றால், தொண்டையில் எலும்பு சிக்கியதென்று எண்ணி வாயைத் திறந்து விரலை விட்டுப் பார்ப்பவர் உளர். இஃது உயிருக்கே ஆபத்தான செயலாகும்.

எலும்போ மீன்முள்ளோ சிக்கினால் துன்பம் திடீரெனத் தொடங்கும். தின்றுகொண்டிருந்த நாய் சட்டென நிறுத்தி, முன்னங்காலால் வாயைப் பிறாண்டும், ஓங்காளிக்கும், கழுத்தை நீட்டி விழுங்க முயலும். சமைத்த கோழியெலும்பு கூரிய சிம்புகளாக உடைவதால் அதனை நாய்க்கு இடலாகாது. அயலிலுள்ள நாய்கள் பலவும் ஒரே காலத்தில் வறட்டிருமல் இருமி வெண்ணுரை கக்கினால், அது பெரும்பாலும் தொற்றிருமலாகும். கழுத்துப்பட்டியைக் கழற்றி ஓய்வு கொடுத்தால் இரண்டு மூன்று கிழமைகளில் பெரும்பாலும் மாறிவிடும்.

விசர்நோய் என்றதும் வெறிகொண்டு ஓடிக் கடிக்கும் நாயையே பலரும் நினைப்பர். ஊமை விசர் அவ்வாறானதன்று. நாய் இருண்ட மூலையில் ஒதுங்கும். கீழ்த்தாடை தளர்ந்து தொங்கும். குரைப்பு மாறிக் கரகரக்கும். தொண்டைத் தசைகள் செயலிழப்பதால் விழுங்க இயலாது. பார்ப்பவருக்கு எலும்பு சிக்கியது போலவே தோன்றும். தண்ணீருக்கு அஞ்சாத நாய்க்கு விசரில்லை என்பது தவறான நம்பிக்கை. அவ்வச்சம் நோயுற்ற மனிதரிடம் காணப்படுவது. நாயோ நீரைக் குடிக்க முயலும், நீர் வாயினின்றும் வழிந்துவிடும். நோய்க்குறி தோன்றிய நாய் பெரும்பாலும் 10 நாட்களுக்குள் இறக்கும். குறி தோன்றுதற்குச் சில நாட்கள் முன்னரே நோய்க்கிருமி எச்சிலில் கலந்துவிடும். அவ்வெச்சில் கையிலுள்ள கீறலிற் பட்டாலே தொற்றக்கூடும். அரிவாளும் முள்ளும் கீறாத கை கமக்காரருக்கு ஏது?

ஆகவே, காரணம் தெரியாது வீணீர் வடிக்கும் நாயின் வாயில் கையிடாது, அதனைத் தனியே அடைத்துவைத்து மிருக வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். பூச்சிநாசினி தெளித்த நிலத்தில் திரிந்த நாயாயின் அதனையும் அவருக்குச் சொல்லுதல் நன்று. நஞ்சுண்ட நாய்க்கும் வீணீர் வடியும், உடல் நடுங்கும்.

கடியோ கீறலோ பட்டால், அல்லது எச்சில் புண்ணிற் பட்டால், அவ்விடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசினர் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய், பச்சிலை எதனையும் புண்ணிற் பூசலாகாது. நாய் இறக்கிறதா என்று பார்த்திருத்தலும் ஆகாது. 1885ஆம் ஆண்டில் பிரான்சிய அறிஞர் பாஸ்டர் கடியுண்ட சிறுவனொருவனுக்குத் தடுப்பு மருந்தேற்றிய காலந்தொட்டு இந்நோயைத் தடுக்க வழியுண்டு. மனிதரில் நோய்க்குறி தோன்றியபின் மாற்ற மருந்தில்லை. ஆண்டுதோறும் நாய்க்குத் தடுப்பூசி இடுவிப்போருக்கு இத்தொல்லையின் பெரும்பகுதி குறையும்.

ஐயத்துக்குரிய நாய் இறந்தால் வெறுங்கையால் தொடலாகாது. மிருக வைத்தியருக்கோ பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ அறிவித்து, தலையைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டுமாவென அறிந்த பின்னரே புதைத்தல் வேண்டும்.